பத்துச் செங்கல் சத்திரம்

முன்னொரு நாளில், பெயர் மறந்துபோன ஓர் அரசில், அம்பலவாணன் என்ற விகடகவி விடிந்ததும் எழுந்தான். பாயைச் சுருட்டினான். இரண்டு குடம் தண்ணீர் எடுத்துவந்தான். ஒரு குடம் அவனுக்குப் போதும். மற்றதை மாலையில் முற்றத்தில் ஊற்றிவிடுவான். பழைய சோற்றில் உப்புப் போட்டு நின்றபடியே சாப்பிட்டான். தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அரசரைச் சிரிக்க வைக்கப் போனான். பதினொரு மாதமாக இதுதான் அவன் காலை.

பதினொரு மாதத்துக்கு முன் ஒரு மழையில் சந்தைக் கொட்டகையின் சுவர் சரிந்தது. அவன் மனைவி செங்கமலம் அதன் அடியில் சிக்கி உயிர்விட்டாள். கொட்டகையைக் கட்டியவர் கட்டடக் கண்காணி திருமேனியார். செங்கல் எல்லாம் முறைப்படி சோதித்து அரசு முத்திரை பெற்றவை, குற்றம் மழையுடையது என்று அவர் ஓலை எழுதினார். அரசர் நம்பினார். அவைப் புலவர் இரங்கற்பா பாடினார். அதில் செங்கமலம் உயிர் போகும்போது "கொற்றவன் குடை வாழ்க" என்கிறாள். அவையே கண் கலங்கியது. அம்பலவாணன் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

இப்போது அரசருக்கு ஓர் ஆசை பிறந்தது. தம் பிறந்தநாளுக்குள் ஆயிரம் வழிப்போக்கர் படுக்கும் சத்திரம் ஒன்று எழ வேண்டும். சூளையிலிருந்து செங்கல் வந்தபடி இருந்தது. ஒவ்வொரு சரக்கிலும் பத்துக் கல்லைத் திருமேனியார் அவைக்குக் கொண்டுவருவார். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார்கள். கரையாமல், உடையாமல் இருந்தால் மொத்தச் சரக்குக்கும் முத்திரை.

முதல் சோதனையில் ஒரு செங்கல்லில் நாய்க்குட்டியின் கால் தடம் இருப்பதை அம்பலவாணன் பார்த்தான். ஈரக் கல் காயும்போது ஏறி ஓடியிருக்கும். அடுத்த சரக்கிலும் அந்தத் தடம். அதற்கடுத்ததிலும். முப்பதாவது சரக்கு வந்தபோது அவையில் அதைச் சொல்லிவிட்டான்.

"பெண்டாட்டி போனதிலிருந்து விகடகவியாருக்குச் செங்கல் எல்லாம் நாயாகத் தெரிகிறது" என்றார் திருமேனியார். "இவ்வளவு தெரிந்தவர் சத்திரத்தைத் தாமே கட்டட்டும், அரசே."

அரசருக்கு எரிச்சல். "சரி, நீயே கட்டு. சோதனையில் தேறிய செங்கல்லைத் தவிர வேறொன்றை வைக்காதே. பிறந்தநாளன்று சத்திரம் இல்லையென்றால் மறுநாள் நீ இந்த நாட்டில் இருக்கக்கூடாது."

நாடு போனால் வீடும் போகும். செங்கமலத்தின் கைபட்ட அந்த இரண்டாவது குடம் இருக்கும் வீடு. அம்பலவாணன் தலையாட்டிவிட்டுக் கிடங்குக்குப் போனான். முப்பது சரக்கு, முந்நூறு சோதனைக் கல் எங்கே என்று கிடங்குக்காரரைக் கேட்டான். அவர் மூலையில் துணி போர்த்திய சிறு அடுக்கைக் காட்டினார்.

"இவ்வளவுதான் சாமி. எப்பவும் இதைத்தான் தொடைச்சு அனுப்புவோம்."

பிறந்தநாளன்று அரசர் யானையில் வந்து இறங்கினார். திடல் பெருக்கிக் கோலமிட்டிருந்தது. வாழை மரம், தோரணம் எல்லாம் இருந்தன. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒன்று நின்றது. எட்டுக் கல்லில் சுவர், இரண்டு கல்லில் கூரை. உள்ளே ஒரு பூனை படுக்கலாம்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். இதில் ஆயிரம் பேர் எப்படிப் படுப்பார்கள் என்று கேட்டார்.

"முறைவைத்து ஆளுக்கொரு கையை நீட்டிக்கொள்ளலாம், அரசே" என்றான் அம்பலவாணன். "தேறிய செங்கல்லைத் தவிர வேறு வைக்காதே என்றீர்கள். தேறியவை மொத்தமே இந்தப் பத்துதான். கூரையில் நாய்க்குட்டி ஓடியிருக்கிறது, பாருங்கள்."

அரசர் குனிந்து பார்த்தார். பிறகு, முத்திரை பெற்றுக் குவிந்து கிடந்த செங்கல் மலையைக் காட்டி, அப்படியானால் அது என்ன என்றார். அம்பலவாணன் பக்கத்திலிருந்த ஒரு தண்ணீர்ப் பானையைக் காட்டினான். அரசர் உள்ளே கையை விட்டு எடுத்தார். விரலிடுக்கில் சிவப்புச் சேறு வழிந்தது.

"அந்தக் குவியலில் எடுத்ததுதான். நேற்றுக் காலை செங்கல்லாக உள்ளே போனது."

அரசரின் சிரிப்பு நின்றது. திருமேனியார் பக்கம் திரும்பி, மழைக்காலம் முடியும்வரை சந்தைக் கொட்டகையில் மிச்சமிருக்கும் சுவருக்கடியில் படுத்திரும் என்று தண்டனை சொன்னார். திருமேனியார் காலில் விழுந்தார்.

"அரசே, என்னைச் சிறையில் போட்டுவிடுங்கள்."

"ஏன்?"

"அது கருங்கல்."

அரசர் மறுபடியும் சிரித்தார். கூட இருந்த யாரும் சிரிக்கவில்லை. காவலர் திருமேனியாரைச் சிறைக்கே கொண்டுபோனார்கள்.

அரசர் பொற்கிழியை நீட்டினார். அம்பலவாணன் வாங்கவில்லை. இனிமேல் சோதனைக் கல்லைச் சுவர் வைக்கிற கொத்தனாரே குவியலின் அடியிலிருந்து உருவி எடுக்கட்டும், கண்காணி தொடக்கூடாது என்று மட்டும் கேட்டான். அரசர் அப்போதே ஆணையிட்டார். அது போதாதென்று, கட்டப்போகும் சத்திரத்துக்குச் செங்கமலத்தின் பெயரை வைப்பதாகவும், அவள் கடைசியாகச் சொன்னதை வாசலில் கல்வெட்டாகப் பொறிப்பதாகவும் சொன்னார்.

புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். அம்பலவாணன் அவரைக் கையமர்த்தினான். கல்வெட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்தான். சுவர் சரிந்த அன்று சந்தையில் மழை பிடித்துக்கொண்டது. ஓலைக்குடை எடுத்துவர அவன் வீட்டுக்கு ஓடினான். பாதி தூரம் போனபோது அவள் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னதை, சொன்னபடியே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"நீங்க மெதுவாப் போய்ட்டு வாங்க. எனக்கென்ன, ராஜா கட்டின சுவரோரமாத்தானே நிக்கிறேன்."