குளத்துக்கு ஆள் கூப்பிட்ட கரிச்சான்

ஊருக்குள் குழாய்த் தண்ணீர் வந்ததும் மனிதர்கள் குளத்தை மறந்தார்கள். "தொல்லை ஒழிந்தது" என்று மீன்களும் தவளைகளும் கும்மாளம் போட்டன.

நாலு வருஷம் போனது. தூர்வார ஆளில்லாமல் சேறு ஏறியது. ஆகாயத்தாமரைக் கொடி கரைக்குக் கரை மூடியது. தண்ணீர் கறுத்து, தினமும் மீன்கள் செத்து மிதந்தன.

கரை மரத்துக் கரிச்சானுக்குப் பொறுக்கவில்லை. எந்தக் குரலையும் பிசகாமல் பேசிக்காட்டும் குறும்புக்காரப் பறவை அது.

"மனுஷங்களைக் கூட்டிட்டு வரப்போறேன்," என்றது.

கெண்டைக்கு மூச்சு வாங்கியது. "கிறுக்கா உனக்கு? மீன் பிடிக்கிற ஊத்தாக் கூடையோட வந்து எங்களை அள்ளுவாங்க."

"கி...றுக்கா உனக்கு," என்று அதே இழுப்பில் சொல்லிக் காட்டியது கரிச்சான். "அவங்க அள்ளினது போக மிச்சம் இருந்தீங்க, மாமா. இந்தக் கொடி மிச்சம் வைக்குமா?"

கெண்டை, செத்து மிதந்த மீன்களைத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் கரிச்சான் ஆட்டுக்குட்டி போலக் கத்தியது. பக்கத்துக் கத்தரித் தோட்டத்துச் சீனியம்மா பதறி ஓடிவந்தாள். குட்டி இல்லை; முழங்கால் வரை சேறுதான். அடுத்த நாள் கன்றுக்குட்டி போலக் கத்தியது. கல் பறந்து வந்தது. வாலில் ஓர் இறகு போயிற்று. மூன்றாம் நாள் அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏமாத்திக் கூப்பிட்டா யார்டா நிப்பா?" என்றது ஆமை. "அவளுக்கு நீ என்ன செஞ்ச?"

கரிச்சான் விடிந்ததும் கத்தரித் தோட்டத்துக்குப் போய்ப் புழு பொறுக்கியது. பத்து நாள், வெயிலென்றும் பாராமல். ஒரு சேட்டை இல்லை.

சீனியம்மா கவனித்தாள். அது உட்காரக் குச்சி நட்டாள். ஒரு சாயங்காலம், "ஏ கருப்பா, எங்கடா உன் வீடு?" என்று பின்னாலேயே நடந்தாள். குளக்கரை மரம் வந்தது. செத்த மீன்களைப் பார்த்து நின்றவள், குனிந்து ஒரு கை சேற்றை அள்ளினாள்.

"அடி ஆத்தி, இம்புட்டு வண்டலை இங்க வச்சுக்கிட்டா உரத்துக்கு அலையுறோம்?"

மறுவாரம் ஊரே மண்வெட்டியோடு வந்தது. கொடியை வேரோடு இழுத்தார்கள். வண்டலை வயலுக்குச் சுமந்தார்கள். ஒரே கோடையில் முடியவில்லை. மூன்று கோடையும் விடாமல் வந்தார்கள். தும்பியும் நாரையும் திரும்பின. ஊத்தாவும் வந்தது. ஆனால் சினை மீன் சிக்கினால் சீனியம்மா தண்ணீரிலேயே விட்டாள்.

"பயமா இருக்கா, மாமா?" என்றது கரிச்சான்.

"இருக்கு," என்றது கெண்டை. "ஆனா மூச்சு விட முடியுது."

மனிதர் விலகிப்போவதால் அல்ல, எடுப்பதோடு கொடுக்கவும் பழகிக் கூடவே இருப்பதால்தான் எல்லா உயிரும் தழைக்கும்.