சொட்டினால் வெந்நீர்

கொடைக்கானல் மலைப்பாதையில் குளிராம்பட்டி என்று ஓர் ஊர். தேடிப் போக வேண்டாம். வழி கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் ஆசையாகச் சொல்லிக் கொடுப்பார்கள், அப்புறம் நீங்கள் வீடு போய்ச் சேர மாட்டீர்கள். அங்கே சன்னாசி, மொக்கராசு, குப்பாண்டி என்று அண்ணன் தம்பிகள் மூவர் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூவருக்கும் தங்கமான மனசு. அவர்கள் மூளையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் அதை யாரும் பார்த்ததில்லை.

மூத்தவர் சன்னாசியின் மகள் கனகவல்லிக்கு வத்தலக்குண்டுப் பையன் ஒருவனைப் பிடித்துவிட்டது. பையனுக்கும் அவளைப் பிடித்துவிட்டது. பையனின் அப்பா உக்கிரபாண்டிக்கு மட்டும் பிடிக்கவில்லை. முதல் தடவை பெண் பார்க்க வந்தவர், மலையேறிய அலுப்புத் தீரக் குளிக்கப் போனார். வீட்டில் இருந்ததோ விறகு போட்டு எரிக்கும் பழைய செம்பு பாய்லர். அது ஒழுகி ஒழுகித் தன் அடுப்பைத் தானே அணைத்துவைத்திருந்தது. பச்சைத்தண்ணீர் தலையில் விழுந்த வேகத்தில் மனிதர் இடுப்புத் துண்டோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

"வெந்நீர் வைக்கத் தெரியாத வீட்டில் பெண் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். கனகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. பையன் கெஞ்சிக் கூத்தாடியதில், வெள்ளிக்கிழமை காலை இன்னொரு தடவை வருவதாக ஒப்புக்கொண்டார். இந்தத் தடவையும் தண்ணீர் சுடவில்லை என்றால் கல்யாணப் பேச்சே கிடையாது.

கனகவல்லி விசாரித்து, கோயம்புத்தூரிலிருந்து ஸ்டீபன் என்ற மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் வந்து பழைய பாய்லரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"இது நல்லா ஆறட்டும். நாளைக்கு வந்து கழட்டிட்டுப் புதுசை மாட்டுறேன்" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் வந்து தொட்டார். மறுபடியும் கையை உதறினார்.

"ஏங்க இன்னும் ஆறலை?"

"ஆறவிட்டுக்கிட்டுத்தான் தம்பி இருக்கோம்" என்றார் சன்னாசி. "அடுப்பு மட்டும்தான் எரியுது. ஒழுகி அணைய அணையப் பத்தவைக்கிறோம்."

"அடுப்பை எதுக்கு எரிக்கிறீங்க?"

"அது ஆறுற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாக்கணும்ல" என்றான் குப்பாண்டி. "எங்களுக்குக் குளிராதா?"

ஸ்டீபன் வாளியைத் தேடி எடுத்தார். அவரே தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தார், பழையதைக் கழற்றினார், சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, அதன் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே நீட்டினார். சமையல் கேஸ் சிலிண்டரை அதோடு இணைத்தார். பிறகு மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

"இதுல தண்ணி தேங்கி நிக்காது. குழாயைத் திறந்தா தானா எரியும், மூடினா தானா அணையும். வெளியே போற புகையில இருக்கிற சூட்டையும் இது விடாம வாங்கிக்கும். அப்ப புகையில இருக்கிற ஆவி குளுந்து தண்ணியாகி, இந்தச் சின்னக் குழாய் வழியாச் சொட்டும். பயந்துராதீங்க. சொட்டுச்சுன்னா பாய்லர் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு அவசரமாக மலையிறங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கனகவல்லியும் பலகாரம் வாங்கக் கொடைக்கானலுக்குக் கிளம்பினாள்; வெள்ளிக்கிழமை காலைதான் திரும்புவாள். "நான் வர்ற வரைக்கும் அதை நல்லாப் பாத்துக்கங்கப்பா" என்றாள். மூவரும் அதன் எதிரே வரிசையாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

சன்னாசி பெட்டியைத் தட்டினார். "உள்ளே காலியா இருக்கேடா."

மொக்கராசு குழாயைத் திறந்தான். வெந்நீர் கொட்டியது. "வருதேண்ணே."

"காலிப் பெட்டியில ஏதுடா வெந்நீர்? எங்கேருந்து வருது?"

மூவரும் பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் குப்பாண்டி தாழ்ந்த குரலில், "பக்கத்து வீட்டுதா இருக்குமோ?" என்றான்.

மூவரும் துள்ளி எழுந்தார்கள். ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு வீரணனிடம், "உங்க வெந்நீர் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார்கள். வீரணன் பிறந்ததிலிருந்து பச்சைத்தண்ணீரில் குளிப்பவர். "எங்க வீட்ல ஏதுய்யா வெந்நீர்? சொட்டு கிடையாது" என்றார்.

"பூராத்தையும் எடுத்துட்டோம்டா" என்று சன்னாசி தலையில் கைவைத்தார். ஒரு குடம் நிறைய வெந்நீர் பிடித்துக்கொண்டு போய், மன்னிப்புக் கேட்டு, வீரணனிடம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.

திரும்பி வந்தால் அடுத்த இடி. குழாயை மூடியிருந்ததால் சொட்டு நின்றுபோயிருந்தது.

"அண்ணே, சொட்டலை."

"சொட்டலைன்னா வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்? வாங்கின அன்னைக்கே கெட்டுப்போச்சா?"

மொக்கராசு பதறிப்போய்க் குழாயைத் திறந்தான். சற்று நேரத்தில் சொட்டியது. மூடினான், நின்றது. திறந்தான், சொட்டியது. மூவரும் கூடிப் பேசி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாய்லர் கெடாமல் இருக்க வேண்டுமானால் குழாயை மூடவே கூடாது என்று முடிவு செய்தார்கள். அதன்பின் குளிராம்பட்டித் தெருவில் வெந்நீர் ஓடியது. ஊர் எருமைகள் எல்லாம் வந்து அதில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை காலை சிலிண்டர் தீர்ந்தது. பெட்டி அணைந்தது. சொட்டு நின்றது. கீழே வளைவில் உக்கிரபாண்டியின் கார் ஹாரன் கேட்டது.

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பொண்ணு வாழ்க்கைடா" என்றார். "இந்தச் சொட்டுலதான்டா இருக்கு."

மொக்கராசு நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "ஸ்டீபன் தம்பி என்ன சொன்னாரு? சொட்டுச்சுன்னா வேலை செய்யுதுன்னு சொன்னாரு. யாரு சொட்ட வைக்கணும்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்ப நாம சொட்ட வச்சா என்ன?"

குப்பாண்டி ஒரு வாளித் தண்ணீரும் கரண்டியுமாகக் கூரைக்கு ஏறினான். புகைக்குழாயின் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினான். கீழே சின்னக் குழாயில் சொட்டு விழுந்தது. அண்ணன் தம்பி இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

உக்கிரபாண்டி குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக வந்து இறங்கினார். "வெந்நீர் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"சொட்டுதுங்க" என்று சன்னாசி குழாயைக் காட்டி விவரம் சொன்னார்.

"கோயம்புத்தூர்க்காரரா அப்படிச் சொன்னாரு?"

"அவரேதாங்க."

"அப்பச் சரியாத்தான் இருக்கும்" என்று உக்கிரபாண்டி குளியலறைக்குள் போனார்.

பலகாரக் கூடையோடு அப்போதுதான் வந்து சேர்ந்த கனகவல்லி, பாய்லர் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வெளிக்குழாயில் கையை நீட்டினாள். விரல் விறைத்துப் போயிற்று. "ஐயோ அப்பா, இது பச்சைத்தண்ணிப்பா" என்றாள்.

"சொட்டுதும்மா" என்றார் சன்னாசி. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே முதல் செம்பு விழும் சத்தம் கேட்டது. அப்புறம் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது.

கதவு கொஞ்சம் திறந்தது. நீலம் பாய்ந்த உதட்டோடு உக்கிரபாண்டியின் தலை மட்டும் வெளியே வந்தது. சின்னக் குழாயை உற்றுப் பார்த்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது. தலையை இழுத்துக்கொண்டு இன்னொரு செம்பு ஊற்றினார். 

"ச-சம்பந்தி" என்று குரல் வந்தது. "தண்ணி க-கொதிக்குது. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுற அளவுக்குக் கொதிக்குது. கொஞ்சம் பச்சைத்தண்ணி குடுங்க, விளாவிக்கிறேன்."

கனகவல்லி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சம்பந்தி என்று அவர் கூப்பிட்டது அப்போதுதான் மனசில் உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

சன்னாசிதான் கையைப் பிசைந்தார். "பச்சைத்தண்ணிக்கு எங்கடா போறது? வீட்டுக் குழாய் பூரா வெந்நீராச்சே."

மொக்கராசு முற்றத்துக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தான். "டே குப்பாண்டி, அவருக்குச் சூடு தாங்கலையாம். கொஞ்சம் மெதுவா ஊத்து."

குப்பாண்டி கரண்டியை நிதானப்படுத்தினான். சொட்டு குறைந்தது. உள்ளே இன்னொரு செம்பு விழுந்தது.

"ஆங், இதுதான் பதம்" என்றார் உக்கிரபாண்டி. "தேதி குறிச்சிரலாம், சம்பந்தி."