துணி சுற்றிய மணி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற ரோட்டில் ஒரு பழைய கொப்பரை குடோனை இல்லமாக மாற்றியிருந்தார் பூவாத்தாள்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக்கோடு பள்ளத்தில் போனவர்கள் என்று முதுகுத்தண்டு முறிந்த பதினான்கு பேர் அங்கே படுத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் சதை நசுங்கிப் புண்ணாகும். புண் எலும்பைத் தொட்டால் ஆள் தங்க மாட்டார்.

அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வாசல் மணி அடிக்கும். அடித்துவிட்டால் சமையல்கட்டில் இருப்பவர் முதல், நோயாளியைப் பார்க்க வந்த மச்சான் வரைக்கும் போட்டது போட்டபடி ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்ட வேண்டும். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர்கூட ஒரு நாள் ஒரு காலைப் பிடித்துவிட்டுத்தான் போனார்.

பூவாத்தாளுக்கு வயது நாற்பத்து மூன்று. காவி கட்டவில்லை, கண்ணை மூடி உட்காரவில்லை, யாருக்கும் உபதேசம் பண்ணவில்லை. அப்படியும் ஆறு பேர் அவரைக் குரு என்று சொல்லிக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள். அதில் மூத்தவர் சபாபதி. பிஸ்கட் கம்பெனியில் மண்டல விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. மன அமைதி வேண்டும் என்று வந்தார். பூவாத்தாள் அவர் கையில் மணிக்கயிற்றைக் கொடுத்தார். இரண்டு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார். அமைதி வந்துவிட்டதா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது, கோபம் வந்துவிடும்.

கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் செல்லப்பாண்டி என்று ஒரு மரமேறி படுத்திருந்தான். வெள்ளிக்கிழமை வெளியே அனுப்பிவிடுவார்கள். வீடு என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு சந்துதான் உண்டு. இல்லத்தில் சுவரோரமாகப் பதினைந்தாவது கட்டிலுக்கு இடம் இருந்தது. கட்டில் இல்லை, மெத்தை இல்லை, புரட்ட ஆள் போதவில்லை.

சபாபதி குருவிடம் கேட்டார். "பெரிய கம்பெனிக்காரங்களை நம்ம பக்கம் வர வைக்கறது எப்படிங்கம்மா?"

பூவாத்தாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணாச்சுங்க, சபாபதி."

அவர் போய் மணியை அடித்தார். அடிக்கும்போதே முடிவு செய்துவிட்டார், இந்த அம்மாவுக்கு உலகம் தெரியாது. தெரிந்த ஒருவர் தெரிந்த காரியத்தைச் செய்யட்டும்.

பதினோரு கம்பெனிகளுக்கு எழுதினார். பத்து பேர் பதிலே போடவில்லை. பஸ்ஸுக்கும் காருக்கும் சீட் செய்கிற கம்பெனி ஒன்று மட்டும், நல்ல காரியங்களுக்கு உதவி செய்யும் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி புதன்கிழமை பத்து மணிக்கு வருவார் என்று எழுதியது.

சபாபதிக்கு இருபது வயது குறைந்துவிட்டது. முன்சுவருக்கு வெள்ளையடித்தார். கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட் தைத்து எல்லோருக்கும் மாட்டினார். பழைய புண் ஆறாத இரண்டு பேரைக் கட்டிலோடு பின் அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார். இல்லத்தைப் பற்றிப் படம் போட்டுக்காட்டப் பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இரவல் வாங்கினார். எல்லாம் பொருந்தி வந்தது. மணி ஒன்றுதான் இடித்தது. அந்த அதிகாரி படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதினோரு மணிக்கு அது பாட்டுக்கு அடிக்கும். கரண்டியும் கையுமாக ஆட்கள் ஓடுவார்கள். மூத்திர வாடை கிளம்பும். முப்பத்து நாலு வருஷ சர்வீசில் எந்த முட்டாளும் சரக்கை இப்படிக் காட்டி அவர் பார்த்ததில்லை.

ஒரு பழைய பனியன் துணியை எடுத்து மணியின் நாக்கில் இறுகச் சுற்றிக் கட்டினார். புதன்கிழமை பதினோரு மணிப் புரட்டல் மேடம் கிளம்பின பிறகு என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தார். அரை மணி நேரத்தில் வானம் இடிந்து விழுந்துவிடாது.

அன்றைக்கு விடிந்ததும் பூவாத்தாள் செல்லப்பாண்டியைப் பார்க்க பஸ் ஏறியிருந்தார். அதுவும் வசதியாகப் போயிற்று.

வந்த அதிகாரியின் பெயர் பெனிட்டா. முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் சின்ன நோட்டு. வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லுமுன்பே முன்சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். விரல் நுனியில் வெள்ளை ஒட்டியது. எழுதிக்கொண்டாள். அரிசி டிரம்மைத் திறந்து, மேலே மட்டும் நல்ல அரிசியா என்று அடிவரை கையை விட்டாள். குளியலறைக்குப் போய் பல் தேய்க்கிற பிரஷ்களை எண்ணினாள்.

"பிரஷ் பதினாலு. கட்டில் பன்னெண்டுதானே இருக்கு?" என்றாள்.

ரெண்டு பேர் பின்னால் ஓய்வெடுக்கிறார்கள் என்றார் சபாபதி. அதையும் எழுதிக்கொண்டாள்.

போன வருஷம் வேறு ஓர் இடத்தில் வாடகைக்கு ஆள் பிடித்துவந்து படுக்க வைத்துக் காட்டியிருந்தார்களாம். நம்பிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவள் இவள்தான். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், கண் சிரிக்கவில்லை. சபாபதிக்கும் அவள் மேல் நல்ல எண்ணம் இல்லை. இவ்வளவு துருவுகிறவள் கொடுக்க வந்தவளா, ரோட்டோர இடத்தை அளக்க வந்தவளா என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பல்லைக் காட்டிக்கொண்டே படத்தை ஓட்டினார்.

பதினோரு மணி தாண்டியது. பதினொன்றே கால், பதினொன்றரை. படம் முடிந்தது, கேள்விகள் முடியவில்லை. சமையல்கட்டு வாசலில் ஆட்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சபாபதி அவர்களைக் கண்ணாலேயே நிறுத்தினார்.

பெனிட்டா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மணிக்கு எதுக்கு சார் பனியன்?"

"விரிசலுங்க மேடம். அடிச்சா நாராசமா கேக்கும்."

எழுதிக்கொண்டாள்.

பூவாத்தாள் தோள்பையோடு உள்ளே வந்தபோது மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். வந்தவளை யார் என்றுகூடக் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், கட்டில்களைப் பார்த்தார்.

"பதினோரு மணி அடிச்சாச்சுங்களா?"

மூன்றாவது கட்டிலில் கிடந்த மயில்சாமிதான், தென்னையிலிருந்து விழுந்து நாலு வருஷமானவர், பதில் சொன்னார்.

"இன்னிக்கு மணிக்கு லீவுங்க, அக்கா."

பூவாத்தாள் வாசலுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தார். அவரே கயிற்றை இழுத்தார். கணீரென்று அடித்தது. பெனிட்டா திரும்பி சபாபதியைப் பார்த்தாள், இந்தத் தடவை எழுதவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். சபாபதி மட்டும் புரொஜெக்டர் ரிமோட்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

மயில்சாமி கட்டிலில் ஒரு ஆள் குறைந்தது.

"நீங்க இந்த முழங்காலைப் பிடிங்க," என்றார் பூவாத்தாள், வந்தவளிடம்.

பெனிட்டா நோட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பிடித்தாள். புரட்டினார்கள். புது டி-ஷர்ட்டை மேலே ஏற்றியதும் இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது தெரிந்தது. பூவாத்தாள் அதன்மேல் விரலை அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் வெளுக்கவில்லை, சிவப்பாகவே இருந்தது. உள்ளே சதை நசுங்கத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம்.

"காலையில ஒம்பதுக்கு இது இல்லீங்க," என்றார் மறுகாலைப் பிடித்திருந்தவர்.

"இப்ப எப்படி வந்துச்சு?" என்றாள் பெனிட்டா.

"உங்களுக்கு மரியாதை பண்ணியிருக்கறமுங்க," என்றார் பூவாத்தாள்.

"எனக்கு வலிக்கவே இல்லீங்க மேடம்," என்றார் மயில்சாமி. "அதுதான் வம்பே."

குரு ஏதாவது பூசி மெழுகுவார் என்று சபாபதி காத்திருந்தார். பூவாத்தாள் பின் அறைக் கதவைத் திறந்து அந்த இரண்டு பேரையும் காட்டினார். ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே புண் இருந்தது. இன்னொருவருக்கு வந்தது இங்கேதான், ஆட்கள் காய்ச்சலில் விழுந்த வாரத்தில், எங்கள் தப்பு என்றார். செல்லப்பாண்டியைப் பற்றியும் சொன்னார். எதையும் கேட்கவில்லை.

பெனிட்டா டீ குடிக்காமலே கிளம்பினாள். சொல்லி அனுப்புகிறோம் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று சபாபதிக்குத் தெரியும். கடைக்காரர்கள் அவரிடம் அதைச் சொல்லித்தான் முப்பத்து நாலு வருஷம் ஓட்டினார்கள்.

"கம்பெனி கை விட்டுப் போச்சுங்கம்மா," என்றார் குருவிடம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தார். இந்த அம்மா வேண்டுமென்றே கெடுத்தாரோ என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

பூவாத்தாள் அந்தப் பனியன் துணியை அவரிடம் நீட்டினார்.

"தொவைச்சுக் காய வைங்க. மயில்சாமிக்குத் துடைக்க ஆகும்."

துவைத்தார். அதற்கப்புறம் மயில்சாமி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அடிக்கொரு தரம் டி-ஷர்ட்டைத் தூக்கிப் பார்த்தார். மயில்சாமி அலுத்துப்போய், பொண்ணு பார்க்க வந்தவன்கூட இத்தனை தடவை பார்க்க மாட்டான் என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் விரலை அழுத்தி எடுத்தபோது அந்த இடம் ஒரு நொடி வெளுத்து மறுபடி சிவந்தது. சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிப் புரட்டல் முடிந்து வெளியே வந்தவர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் ஒரு கார் நிற்பதைப் பார்த்தார். கண்ணாடி ஏற்றியிருந்தது. எட்டரைக்கும் நின்றது. உள்ளே யார் என்று பார்த்ததும் ரத்தம் கொதித்தது. நேராகக் குருவிடம் போனார்.

"அந்தக் கம்பெனி அம்மா வெளிய உக்காந்து வேவு பாக்குதுங்க. வெளியாள் இல்லாதப்ப மணி அடிக்கறமான்னு. இப்படி ஒரு சந்தேகம் புடிச்ச பொம்பளைய நான் பாத்ததில்லைங்க. போயி உள்ள கூப்பிடட்டுங்களா?"

"மணி என்னங்க?"

"ஒம்பதாகப் போவுது."

"பின்ன?"

அவர் போய் அடித்தார். கொஞ்சம் பலமாகவே அடித்தார்.

இரண்டாவது கட்டிலில் புரட்டிக்கொண்டிருந்தபோது பெனிட்டா உள்ளே வந்தாள். கூடவே பெருத்த உடம்போடு ஒருவர், தொழிற்சாலையில் சீட்டுகளைச் சோதித்துப் பார்க்கிறவராம். பெனிட்டா கையில் நோட்டைக் காணோம். அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் மயில்சாமி கட்டிலுக்குப் போய், முழங்காலுக்கு அடியில் கை கொடுத்து நின்றாள். முதலில் இடுப்பைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் மயில்சாமியின் முகத்தை.

பெருத்தவர் பக்கத்துக் கட்டில் மெத்தையில் முஷ்டியால் ஒரு குத்து விட்டார்.

"என்னங்க இது, மெத்தையா அப்பளமா? டிரைவர் சீட்டுக்கே இதை நான் விட மாட்டேன்." எந்த எலும்பு அழுத்தும், எத்தனை மணி நேரம், ஆள் என்ன எடை என்று வரிசையாகக் கேட்டார். பதினைந்தாவது ஆளை எங்கே போடுவீர்கள் என்றார். பூவாத்தாள் சுவரோரத்து வெற்றிடத்தைக் காட்டினார். ஆள் எப்படி வருகிறான் என்றார். இன்னும் தெரியாது என்றார் பூவாத்தாள்.

"வேன் இருக்குது. சீட்டைக் கழட்டிட்டா படுத்துட்டே வரலாம். கழட்டறதுக்கு எங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

சபாபதிக்குள் இருந்த விற்பனை மேலாளர் துள்ளி எழுந்தார். சரக்கு தானாக நகர்கிற நேரம் இது, விட்டால் ஆறிப்போகும். குருவின் காதோரம் குனிந்தார்.

"இதுதான் நேரமுங்கம்மா. மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் பேசிப் போடட்டுங்களா?"

பூவாத்தாள் தலையைத் திருப்பவில்லை.

"அவங்க கையில இப்ப மயில்சாமி கால் ஒண்ணு இருக்குதுங்க, சபாபதி. நீங்க இன்னொண்ணைப் பிடிங்க."