சைகை காட்டாத லாரி

வண்டி ஓட்டப் பழக வருகிறவர்கள் கோபத்தோடு வருவது கோகிலவாணிக்குப் புதிதல்ல. கியர் விழவில்லை என்று கோபம், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டான் என்று கோபம், இப்படி எத்தனையோ பார்த்தவள். காகிதமும் கையுமாக ஒருவர் கோபத்தோடு வந்தது அன்றைக்குத்தான்.

வந்தவர் வையாபுரி. வயது அறுபத்தொன்று. நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் கார் வாங்கினார். சங்ககிரியில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே கோகிலவாணி நடத்தும் ஓட்டுநர் பள்ளியில்தான் ஓட்டப் பழகினார். அவளுக்கு முப்பத்தாறு வயது. மகள் வயசுதான் என்றாலும் அவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். கற்றுக்கொடுத்தவர் எத்தனை சின்னவராக இருந்தாலும் குரு குருதான் என்பது அவர் கட்சி.

"உக்காருங்க சார். வீட்ல அம்மாவுக்குக் கை எப்படி இருக்குதுங்க?"

"கம்பி வெச்சிருக்காங்க. ரெண்டு."

மனைவி சௌந்தரத்தால் இடது கையைத் தூக்க முடியவில்லை. தினமும் காலையில் அவர்தான் தலை வாரிவிடுகிறார். சீப்பு சிக்கி இழுக்கும்போது அவள் "பரவாயில்லைங்க" என்பாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்கக் கேட்க அவருக்கு லாரிக்காரன் மேல் ஆத்திரம் ஏறும்.

"நாளைக்கு ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கணும். எழுதிட்டேன். கேளுங்க."

வாசித்தார். நான்குவழிச் சாலையில் அந்த லாரி மூன்று கிலோமீட்டர் தூரம் வலது பாதையை விட்டு நகரவே இல்லை. ஹாரன் அடித்தும் வழிவிடவில்லை. வேறு வழியின்றி இவர் இடது பாதையில் ஏறி முந்தியபோது, எந்தவிதச் சைகையும் காட்டாமல் லாரி இடப்பக்கம் திரும்பி இடித்தது. கார் ஓரத்துத் தடுப்புக் கம்பியில் போய் மோதியது. மனைவிக்கு முழங்கை முறிந்தது. படித்துப் பார்த்தால் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறியிருக்காது. முப்பது வருஷத் தொழில் சும்மா போகுமா?

"அந்த டிரைவர் என்ன சொல்றாருங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்லயே வந்து நின்னான். 'லைட் போட்டுட்டுத்தாங்க சார் திரும்புனேன்'னு அழுதான். போடா அந்தப் பக்கம்னு விரட்டிட்டேன். சைகை காட்டலைங்கற இந்த ஒரு வரி போதும் டீச்சர். லைசென்ஸும் போயிரும், ஆளும் உள்ள போயிருவான். போகட்டும்."

"என்கிட்ட என்னங்க வேணும்?"

"நான் எழுதியிருக்கறது சரிதான்னு பள்ளி முத்திரையோட ஒரு கடிதம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த லாரிக்காரனுங்க ஏன் இடப்பக்கம் போகவே மாட்டேங்கறானுங்க? ரோடு என்ன அவனுங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

கோகிலவாணி எழுந்தாள். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"வாங்க சார். ஒரு சுத்து போயிட்டு வந்துரலாம்."

வெளியே பள்ளியின் பயிற்சி லாரி நின்றது. பின்னால் முழுக்க மணல் மூட்டை. காலி வண்டியில் பழகியவனுக்கு பிரேக்கின் அருமை தெரியாது என்று அவள் எப்போதும் பாரத்தோடுதான் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். இடப்பக்க சீட்டில் ஏறுவதற்குள் வையாபுரியின் வேட்டி இரண்டு முறை காலில் தடுக்கியது. கடிதம் கேட்டால் சவாரியா என்று முனகிக்கொண்டேதான் ஏறினார்.

பவானி போகும் சாலையில் வண்டி ஏறியது. நல்ல வெயில். கோகிலவாணி இடது பாதையிலேயே நிதானமாக ஓட்டினாள்.

"பாத்தீங்களா? போக முடியுதில்ல? உங்களுக்கு ஒரு ரோடு, அவனுக்கு ஒரு ரோடா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கொஞ்ச தூரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று இடது பாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் விளக்கும் இல்லை, ஒரு சிவப்புத் துணியும் இல்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சைகை விளக்கைப் போட்டாள், வலது பாதைக்கு ஏறினாள். பாரம் ஏற்றிய வண்டி அல்லவா, டிராக்டரைத் தாண்டுவதற்கே நேரம் பிடித்தது. பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன.

தாண்டியதும் இடப்பக்க விளக்கைப் போட்டாள்.

சர்ரென்று ஒரு கார் இடப்பக்கமாகப் புகுந்து முன்னால் போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. லாரி எப்போது டிராக்டரைத் தாண்டும் என்று காத்திருந்தவை போல ஒவ்வொன்றாக இடது பாதைக்குப் பாய்ந்தன.

"என்ன இப்படி வர்றானுங்க?" என்றார் வையாபுரி.

"போகட்டும் சார்."

மூன்றாவது போனது. விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. வையாபுரி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நில், நில் என்று ஆட்டினார். நான்காவது காருக்கு அந்தக் கை கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை.

"இப்ப ஏதாச்சும் வருதுங்களா? எனக்குக் கண்ணாடியில ஒண்ணும் தெரியல," என்றாள் கோகிலவாணி.

வையாபுரி எட்டிக் கீழே பார்த்தார். கதவுக்கு அடியில் ஒட்டினாற்போல ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் ஒரு பெண், மடியில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கு! இருக்கு! திருப்பாதீங்க டீச்சர்!"

கீழே குனிந்து, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"யோவ்! லைட் போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? பொம்பளைய உக்கார வெச்சுக்கிட்டு எங்கய்யா நுழையறே?"

காரின் கண்ணாடி இறங்கியது. "இடம் விடத் தெரியாத லாரிக்காரனுக்குப் பேச்சு வேற!" என்று ஒரு குரல் கேட்டது. கார் முன்னால் பாய்ந்து போய்விட்டது. நீதிமன்றத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் வாயில் வரவே கூடாத ஒரு வார்த்தை வந்தது. நல்லவேளை, அதைக் கேட்க அந்தக் கார் அங்கே இல்லை.

ஒன்றரை கிலோமீட்டர் கழித்துத்தான் இடது பாதை காலியானது. அப்படியே போய், லாரிகள் நிறுத்தும் இடத்தில் வண்டியை நிறுத்தினாள்.

"இவனுங்களை எல்லாம் புடிச்சு உள்ள போடணும் டீச்சர்! ஒருத்தனையும் விடக்கூடாது!"

"நம்ம லைட்டு அவங்களுக்குத் தெரியலையோ என்னமோ."

"தெரியாம என்ன? நல்லாத் தெரிஞ்சுது. அதைப் பாத்துட்டுத்தானே இன்னும் அழுத்தறான்! லாரி முன்னால வந்துட்டா மறுபடியும் அது பின்னாடியே உருட்டணுமே, அதுக்குள்ள நுழைஞ்சிரலாம்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோகிலவாணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"சரி, அதுக்காக அந்த லாரிக்காரன் யோக்கியன் ஆயிருவானா?" என்று மறுபடி ஆரம்பித்தார். குரலில் பழைய காரம் இல்லை. "அவன் முன்னால டிராக்டர் ஒண்ணும் போகல. சும்மாவே மூணு கிலோமீட்டர் வலது பாதையில போனான்."

"யோக்கியன்னு யாருங்க சொன்னது?"

அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"முந்துனா திரும்பி வந்து தொலைங்கடான்னு எங்காளுங்ககிட்டத் தொண்டை கிழியக் கத்தறேன். கேக்கறாங்களா? வலது பாதைய என்னமோ பட்டா போட்டு வாங்குன மாதிரி அதுலயே குடியிருக்கறாங்க. கேட்டா, இடப்பக்கம் எவனாச்சும் வண்டிய நிறுத்திட்டுப் போயிர்றான், பைக்குக்காரன் எதுக்க வர்றான்ங்கறாங்க. அதெல்லாம் நெசந்தான். இல்லீங்கல. அதுக்காக ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அங்கயே போவானா? பின்னால வர்ற அத்தனை பேரையும் தப்புப் பண்ண வெக்கறான். உங்களைவிட எனக்கு எரியுதுங்க சார்."

வையாபுரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அப்பக் கடிதம் குடுப்பீங்களா?"

"இப்பவே குடுக்கறேன்."

டேஷ்போர்டில் கிடந்த பள்ளியின் கடிதத்தாளை எடுத்து, ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதினாள். வேகமாக எழுதினாள். எழுத்தில் கோபம் தெரிந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஆபீசில் வைத்துத் தருவதாகச் சொல்லி அவரிடம் கொடுத்தாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வலது பாதை முந்துவதற்கு மட்டுமே. முந்த வேண்டிய வாகனம் எதுவும் இல்லாதபோது மூன்று கிலோமீட்டர் அதிலேயே சென்றது லாரி ஓட்டுநரின் தவறு. இதை எந்த அதிகாரி முன்னாலும் வந்து சொல்லத் தயார். அவ்வளவுதான். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அந்த ஒரு வரியப் பத்தி ஒண்ணும் எழுதலையே டீச்சர்."

"எந்த வரிங்க?"

"அதான்... சைகை காட்டாமன்னு..."

வலது பாதையில் ஒரு லாரியும், அதற்கு இடப்பக்கமாக நாலைந்து கார்களும் இரைச்சலோடு கடந்து போயின. அது அடங்கும்வரை கோகிலவாணி காத்திருந்தாள். பிறகு பேனாவை மூடாமல் அப்படியே அவர் பக்கம் நீட்டினாள்.

"அதை லாரிக்குப் பின்னால வந்தவங்கதாங்க சார் எழுதணும். நான் அன்னிக்கு அங்க இல்லீங்களே."