வலை இழுக்கும் நேரத்தில் அடித்த முரசு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மீன் என்றால் உயிரை விடும் ராஜா ஒருவர் இருந்தார். தலைநகரத்திலிருந்து கடல் ஒரு காத தூரம். ஆனால் பாதை குளத்தைச் சுற்றி, குன்றைச் சுற்றி, அதன் பிறகு தன்னையே ஒரு முறை சுற்றிக்கொண்டு போகும். கடலில் துள்ளிய மீன் அரண்மனை வாசலுக்கு வரும்போது கண் மங்கிச் சோர்ந்திருக்கும்.

ஒரு நாள் ராஜா தம் இலையில் விழுந்த வஞ்சிரத் துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட குழி அப்படியே நின்றது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இனிமேல் மீன் என் சமையற்கட்டுக்கு வரும்போதும் துள்ள வேண்டும்! கடலோரச் சிப்பித்துறைக்கு, பூட்டிய வில்லின் நாண் போல நேராக ஒரு சாலை போடுங்கள்."

"ஆணை, மகாராஜா!" என்று முதலில் எழுந்து நின்றவர் சாலை அமைச்சர் வீரபுத்திரர். எதற்கும் மூன்று நாள் யோசிக்கிற மனிதர் அவர். அன்றைக்கு ராஜா பேசி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். சபையின் மூலையில் உட்கார்ந்திருந்த விகடன் சாத்தப்பன் அதைக் கவனித்தான். சிப்பித்துறை அவனுடைய மனைவி பவளம்மை பிறந்த ஊர்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் ஊருக்குள் சாலை போடுவதென்றால் அங்கே முரசறைந்து மூன்று முறை கூவ வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் முரசின் முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டும். மூன்றாம் கூவலுக்குள் யாரும் வராவிட்டால் ஊருக்குச் சம்மதம் என்று பொருள். அதன்பிறகு ஊர் அதை மாற்ற முடியாது.

ஒரு வாரம் கழித்து வீரபுத்திரர் சபையில் ஓலையைப் படித்தார். "சிப்பித்துறைப் புன்னைமரத்தடியில் முரசறைந்து மூன்று முறை கூவினோம். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. மாறாக, மக்கள் ஆனந்தம் தாளாமல் பாடினார்கள்."

"பாடினார்களா?" ராஜாவுக்குப் பூரிப்பு. ஓலையில் முத்திரை விழுந்தது.

சாத்தப்பன் தாடையைத் தடவிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தவரை, சாலை என்ற சொல்லைக் கேட்டால் சண்டை போடுவார்களே தவிர, சிப்பித்துறைக்காரர்கள் பாட மாட்டார்கள். அன்றே மனைவியை அழைத்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் புறப்பட்டான்.

ஊரே புன்னைமரத்தடியில் கூடியிருந்தது. கூட்டத்தின் சத்தம் இரண்டு வயல் தாண்டியே கேட்டது.

"சாலை வந்தா ஊரு செழிக்கும்யா!" உப்பு வணிகர் பொன்னம்பலம் துண்டை உதறினார். "போன மழைக்கு என் வண்டி சேத்துல சிக்கி ஒரு ஜோடி மாடு போச்சு. ஒங்களுக்கு என்ன, கடல்ல போறீங்க. நான் நிலத்துல போறவன்."

"செழிக்கும், செழிக்கும். யாரு செழிப்பாங்கறதுதான் கேள்வி." மீன்கூடையை இடுப்பில் வைத்தபடியே வள்ளிக்கொடி திருப்பிக் கொடுத்தாள். "இன்னைக்கு நான் நடந்துபோய் விக்கிறேன். நாளைக்கு அரமனை வண்டி வந்து மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டா, நான் எதை விக்க? ஒம்ம உப்பையா?"

"ஏ வள்ளி, நடந்து நடந்து ஒன் காலு தேஞ்சுபோச்சுன்னு நீதானே அழுவே?"

"காலு என்னுது. தேஞ்சா தேயட்டும்!"

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, பவளம்மையின் அண்ணன் மாசிலான் எழுந்தான். நாற்பது குடும்பம் சேர்ந்து இழுக்கும் கரைவலைக்கு அவன்தான் தலைவன்.

"சாலை வேணும், வேணாங்கறது அப்புறம். முளைக்குச்சி அடிச்சிருக்கானே, அதைப் பாத்தீங்களா? குன்றுலேருந்து கோடு போட்ட மாதிரி நேரா வருது. தென்னந்தோப்பைக் கண்டதும் பாம்பு மாதிரி வளைஞ்சு, நாம வலை இழுக்குற மணல்ல வந்து படுத்துக்குது. அந்த மணலு போனா எங்க நின்னு இழுக்குறது? தண்ணிக்குள்ளயா?"

தோப்பு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். சத்தமாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அது வீரபுத்திரருடைய தோப்பு.

"அப்புறம் ஏன் முரசடிச்சப்போ யாரும் ஆட்சேபம் சொல்லல?" என்றான் சாத்தப்பன்.

அத்தனை தலையும் திரும்பியது. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

"வாங்க மாப்ளே," என்றான் மாசிலான். "அரமனைச் சோறு ஒடம்புல நல்லா ஒட்டியிருக்கு. உளவு பாக்க அனுப்புனாங்களா, இல்ல நீங்களா வந்தீங்களா?"

"மச்சான், நான்..."

"முரசு எப்ப அடிச்சான் தெரியுமா? வலை பாதி வந்துட்டு. நாப்பது பேரு கையிலயும் கயிறு. விட்டா வலை முறுக்கிக்கிடும், மீனும் போயிடும், வலையும் கிழிஞ்சிரும். மணல்ல நின்னுக்கிட்டுக் கத்துனோம். எங்க கத்தலைத்தான் அவன் பாட்டுன்னு எழுதிக்கிட்டான். போய்ச் சொல்லுங்க ஒங்க ராஜாகிட்ட."

வலை இழுக்கிறவர்கள் மூச்சு ஒன்றுசேர "ஏலேலோ" சொல்வதுண்டு. 'ஆனந்தம் தாளாமல் பாடினார்கள்' என்ற வரி எங்கிருந்து வந்தது என்று சாத்தப்பனுக்கு விளங்கியது.

திரும்பும் வழியெல்லாம் பவளம்மை பத்தடி முன்னாலேயே நடந்தாள். குன்றடிக்கு வந்ததும் நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீயுமா பவளம்?"

"அண்ணன் என் முகத்தைக்கூடப் பாக்கலைங்க. இந்த மணலு போச்சுன்னா எனக்குப் பிறந்த வீடே போச்சு."

சாத்தப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "தெரியாது. ஆனா இனிமே தெரியாதுன்னு சொல்லிக்கிட்டிருக்க முடியாது."

மறுநாள் சபையில் அவன் வாய் திறப்பதற்குள் வீரபுத்திரர் முந்திக்கொண்டார். சாத்தப்பன் சிப்பித்துறைக்குப் போய்வந்த செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"மகாராஜா, முத்திரை விழுந்த சாலையைத் தடுக்க விகடர் ஊர் ஊராகத் திரிகிறார். மைத்துனர் பாசம். வேறு ஒன்றுமில்லை."

ராஜாவின் புருவம் சுருங்கியது. "உண்மையா சாத்தப்பா?"

"மைத்துனன் இருப்பது உண்மை, மகாராஜா. பாசம் இருக்கிறதா என்று அவனைத்தான் கேட்க வேண்டும். நேற்று எனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரவில்லை."

"அப்படியானால் விகடரின் கெட்டிக்காரத்தனத்தைச் சோதித்துப் பார்க்கலாமே," என்றார் வீரபுத்திரர் குழைவாக. "சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. சிப்பித்துறையார் ஒருவரும் ஆட்சேபம் சொல்லக்கூடாது. அவர்களுடைய நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் சாலை அந்த மணலைத் தொடாமல் போகட்டும். மூன்று நாளில் செய்து காட்டினால் விகடர். இல்லையேல் சபையில் அவருக்கு என்ன வேலை?"

மற்ற அமைச்சர்கள் தாம்பூலத்தை மென்றபடி தலையசைத்தார்கள். சாத்தப்பன் இல்லாத சபையில் தங்கள் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா. அவருக்கும் இருவர்மேலும் சந்தேகம். "உனக்கு என்ன வேண்டும், சாத்தப்பா?"

"அரண்மனை முரசு ஒன்று, அடிக்க ஓர் ஆள். இன்னொன்று, மகாராஜா. சாலை வரும்வரை துள்ளும் மீனுக்குக் காத்திருப்பானேன்? நாளை மறுநாள் தாங்களே சிப்பித்துறைக்கு எழுந்தருளினால், வலையிலிருந்து நேரே இலைக்கு வரும். ஆனால் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. கயிறு பிடித்தவருக்குத்தான் மீனில் பங்கு."

"பிடிக்கிறேன்!" ராஜாவின் நாக்கில் அப்போதே நீர் ஊறிவிட்டது.

அந்த நாள் வந்தது. கடற்கரையில் ராஜா பட்டாடையை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கரைவலைக்குக் கயிறு இரண்டு. ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான் நடுவிலிருக்கும் பை போன்ற மடியில் மீன் தங்கும். ஒரு பக்கம் தளர்ந்தால் எல்லாம் ஓடிவிடும்.

"வலக்கயிற்றில் எல்லாருக்கும் முன்னே நிற்கும் தலைப்பிடி மகாராஜாவுக்கு," என்றான் சாத்தப்பன். "இடக்கயிறு மகாராஜாவுக்கு அடுத்த நிலையில் உள்ளவருக்கு. அது யார் என்று..."

அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிலை என்றதும் வீரபுத்திரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்து கயிற்றைப் பிடித்தார்.

மாசிலான் மைத்துனனை ஓரக்கண்ணால் பார்த்தான். "என்ன வேல காட்டுறீங்க மாப்ளே?"

"இழுங்க மச்சான். இன்னைக்கு எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இழுங்க. ஒருத்தர்கூட ஆட்சேபம்னு சொல்லிரப்படாது."

வலை பாதி தூரம் வந்தது. கயிறு கனத்தது. தூரத்தில் வெள்ளி மின்னுவதைக் கண்ட ராஜா, "யாரும் கையை விடக்கூடாது!" என்று கத்தினார். "விட்டவன் என் விருந்தைக் கெடுத்த துரோகி!"

அப்போது புன்னைமரத்தடியில் முரசு ஒலித்தது.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது! ராஜாவின் ஆணைப்படி சாலை நேராகவே செல்லும். எங்கும் வளையாது. ஆகையால் அது வீரபுத்திரரின் தென்னந்தோப்பின் நடுவே போகும். ஆட்சேபம் உள்ளவர் முரசின் முன் வந்து சொல்லலாம். ஒரு தரம்!"

வீரபுத்திரரின் முகம் வெளிறியது. "நிறுத்து! என் தோப்பு! ஆட்சேபம்!"

"முரசின் முன் வந்து சொல்ல வேண்டும், ஐயா," என்றான் சாத்தப்பன் பணிவாக. "சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்பது தங்கள் வாக்கு."

"இரண்டு தரம்!"

வீரபுத்திரர் ஒரு கையை எடுத்தார். இடக்கயிறு சரிந்தது. அந்தப் பக்கம் வலை தளர, வலப்பக்கம் ராஜா இரண்டடி கடலுக்குள் இழுபட்டார்.

"யாரடா அது கயிற்றை விட்டது!"

எடுத்த கை தானாகக் கயிற்றுக்குத் திரும்பியது. "மகாராஜா! என் தோப்பு, ஐயோ, ஏ..."

இரண்டு கயிற்றிலும் நின்ற நாற்பது பேரும் ஒரே மூச்சில், "ஏலேலோ!" என்றார்கள்.

"மூன்று தரம்!"

மடி கரையேறியது. கிளிமீனும் பாரையும் மணலில் துள்ளின. ராஜா முழங்கால்வரை நனைந்து நின்றார். சாத்தப்பன் ஓலையை விரித்துப் படித்தான்.

"சிப்பித்துறைப் புன்னைமரத்தடியில் முரசறைந்து மூன்று முறை கூவினோம். ஒருவரும் ஆட்சேபிக்க வரவில்லை. மாறாக, சாலை அமைச்சர் ஆனந்தம் தாளாமல் பாடினார்."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வீரபுத்திரரின் சிவந்த உள்ளங்கைகளையும், பக்கத்தில் நின்ற வலைக்காரர்களின் காய்த்துப்போன கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீரபுத்திரரே, நீர் முரசடித்தபோதும் இவர்கள் கையில் கயிறு இருந்ததா?"

வீரபுத்திரர் உள்ளங்கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஆட்சேபம் இல்லையென்றால் சம்மதம். அப்படித்தானே உமது சட்டம்?" ராஜாவுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. சிரித்துச் சிரித்து ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "சாலை நேராகப் போகட்டும், தோப்பு வழியாகவே! மணலை யாரும் தொடக்கூடாது. இனி எந்த ஊரிலும் மக்களின் கை வேலையில் இருக்கும்போது முரசு அடிக்கக்கூடாது."

உப்பு வணிகர் பொன்னம்பலம் மெல்ல மாசிலானிடம் சாய்ந்தார். "அப்ப சாலை வருதுல்ல?"

"வருது வருது. ஒம்ம மாடு பொழைச்சுது."

"எல்லாம் சரி, சுங்கச்சாவடி எங்க வப்பானுங்க?" என்று வள்ளிக்கொடி ஆரம்பித்தாள். அங்கேயே அடுத்த வாக்குவாதம் தொடங்கியது.

ஊர் வழக்கப்படி பங்கு பிரித்தார்கள். ராஜாவுக்கு ஒரு கூறு. வீரபுத்திரருக்கும் ஒரு கூறு. இழுத்தாரல்லவா? துள்ளும் பாரையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைக் கண்டு ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மாசிலான் தன் கூறிலிருந்து பெரிய மீனாக ஒன்றை எடுத்து, கணவனோடு வந்திருந்த தங்கை பவளம்மையிடம் நீட்டினான். "கொழம்பு வை. மாப்ள இன்னைக்கு நம்ம வீட்லதான் சாப்பிடுறாரு."

ராஜா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "சாத்தப்பா, இது உனக்கு. உன் மனைவியின் கையில் கொடுக்கிறேன்."

பவளம்மை இரு கையையும் நீட்டி வாங்கினாள். வணங்கினாள். பிறகு, அத்தனை அமைச்சர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முத்தைத் தன் பல்லில் வைத்து உரசிப் பார்த்தாள். முத்துக் குளிக்கும் கடற்கரையில் அசலையும் போலியையும் அப்படித்தான் அறிவார்கள். சபையோர் மூச்சை அடக்கினார்கள். சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

பவளம்மை இரண்டாவது முத்தையும் உரசினாள். முகம் மலர்ந்தது.

"அசல்தாங்க, மகாராசா."

அதைக் கேட்டு ராஜா சிரித்த சிரிப்பில், அவருடைய பங்கு மீன்களில் இரண்டு துள்ளிக் கடலுக்கே திரும்பிப் போய்விட்டனவாம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.