கல் விரல் மேல் ஒரு கவளம்

மலைமுகத்தில் செதுக்கப்பட்டு நின்ற பெரிய கல் உருவத்தை அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் நெடுங்கல்லார் என்பார்கள். எந்தக் காலத்தில் யார் செதுக்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும் நாளில், கவளத்தை அவர் கால் கட்டைவிரல் மேல் வைத்து எடுத்துத்தான் வாயில் கொடுப்பார்கள்.

உருவத்தைக் கும்பிடுவது பாவம் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. வெடி வைத்தார்கள். புகை அடங்கியபோது மலையில் வெறும் குழிதான் இருந்தது.

மடத்துத் துறவி மாதவையார் இடிபாட்டுக்கு நடுவே உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் பாடம் கேட்கும் குயிலம்மை வந்து நின்றாள். இருவரில் சிஷ்யைக்குத்தான் வயது அதிகம். அதனால் குரு அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“தாயே, ஒன்று கேட்கணும்.”

“உட்காருங்கள் அக்கா. பார்த்து, கல் குத்தும்.”

“வெடி வைத்தவர்களில் என் மகன் நன்னனும் ஒருத்தன்.”

மாதவையார் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

“சொன்னார்கள்.”

“இப்போ வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். என்ன கேட்டான் தெரியுமா? சோறு இருக்காம்மா என்கிறான். இத்தனை பெரிய கல்லைச் சாய்த்துவிட்டு வந்து, சோறு இருக்காம்மா என்கிறான்.”

“இருந்ததா?”

“இருந்தது. அவனுக்குப் பிடித்த கொள்ளுக் குழம்புகூட இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியே ஓடி வந்துவிட்டேன்.”

குரு பக்கத்தில் கிடந்த கற்களை ஒதுக்கி அவளுக்கு இடம் செய்தார்.

“போட்டால், அவன் செய்ததற்கு நானும் உடந்தை என்று ஆகிவிடாதா?”

“ஊரில் அப்படித்தான் பேசுவார்கள்.”

“போடாவிட்டால்?”

“பசியோடு போவான். அந்தக் கூட்டத்தில் அவனுக்குச் சோறு போட ஆள் இருக்கிறது.”

“நான் எதைத்தான் செய்ய? கும்பிட்டுக் கேட்கலாம் என்றால் கும்பிட யாரும் இல்லை. இவன் நல்லபடி வளரணும் என்று இந்தக் காலடியில்தானே விழுந்து கிடந்தேன். அவர் காதில் விழவில்லையா, எனக்குத்தான் வேண்டத் தெரியவில்லையா?”

“எனக்கும் தெரியவில்லை அக்கா.”

“நீங்களே இப்படிச் சொன்னால்?”

“எனக்கு அவன் மேல் கோபம் இருக்கிறது. நானும் இங்கேதான் முதல் சோறு தின்றேன். அவனுக்கும் இங்கேதானே ஊட்டினீர்கள்?”

“இங்கேதான். லேசில் தின்றானா? உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே முறைப்பு. பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் ஏசினார்கள். உன் பிள்ளை வாய் திறப்பதற்குள் எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்றார்கள். நான் நகரவே இல்லை.”

சொல்லும்போதே குயிலம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று அழுதாள்.

மாதவையார் எழுந்து போய், தேங்காய் அளவில் கிடந்த ஒரு துண்டை எடுத்து வந்தார். கட்டைவிரலின் நுனி. எத்தனையோ தாய்மாரின் நெய்க்கை பட்டுக் கறுத்து, வழுவழுப்பாக இருந்தது. மேலாடையால் புழுதியைத் துடைத்து அவள் மடியில் வைத்தார்.

“கொண்டுபோங்கள். முதல் கவளத்தை இதன் மேல் வைத்து எடுத்துக் கொடுங்கள்.”

“உடைத்தவனுக்கா?”

“வாசலில் நிற்கிறவனுக்கு.”

“இதைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொள்வானே தாயே.”

“அன்றைக்கும் இறுக்கிக்கொண்டுதானே இருந்தான், அக்கா.”