செவ்வாயில் வண்டி ஓட்டியவர்

"அம்மா, எனக்குக் காவி குடுங்க. இங்கேயே இருந்துடறேன்."

வடிவாம்பாள் அம்மா ஆசிரமத்துக் கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தன்னைவிடப் பத்து வயது இளையவரிடம் இப்படிக் கையேந்தி நிற்பதில் அறவாழிக்கு வெட்கம் எதுவும் இல்லை.

"என்ன வேலை பாக்கறீங்க ஐயா?"

"செவ்வாய்க் கிரகத்துல வண்டி ஓட்டினேன்."

ஊர்த் தெருவில் ஸ்கூட்டரையே தள்ளிக்கொண்டு போகிற மனிதர். ஆனால் செவ்வாயில் ஊர்ந்த அந்த இயந்திர வண்டிக்கு இங்கிருந்து கட்டளை அனுப்பியவர் அவர்தான்.

"இப்ப ஓட்டலையா?"

"கொன்னுட்டேம்மா."

அம்மா களை பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"அங்கே குளிர்காலம் வருதுன்னா வண்டியை வெயில் படற சரிவுல நிறுத்திடணும். வெயில்தான் அதுக்குச் சாப்பாடு. எனக்குத் தெரியும். ஆனா பள்ளத்துல ஒரு பாறை, கோடு கோடா, அவ்வளவு அழகு. ஒரே ஒரு படம் எடுத்துட்டுத் திரும்பிடலாம்னு இறக்கினேன். மறுபடி ஏற முடியலை. நிழல்லயே விறைச்சுப் போச்சு."

படம் மட்டும் வந்து சேர்ந்தது. உலகமே அதைக் கொண்டாடியது. பாராட்டு விழாவில் போர்த்திய சால்வையை அவர் நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தார். அந்த வண்டியை நினைக்காமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை அவருக்கு.

"இப்ப என்ன அவசரம்?"

"புது வண்டி இறங்கியிருக்கு. நீங்களே ஓட்டுங்கங்கறாங்க. என்னால ஆகாது. தணிகைவேல்னு ஒருத்தர் இருக்காரு. இதுவரைக்கும் ஒரு வண்டியையும் இழந்ததில்லை. அவரு ஓட்டட்டும்."

"அதுக்கு வீட்லயே இருக்கலாமே. காவி எதுக்கு?"

அறவாழிக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது.

"நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க? ஊருக்கே தெரிஞ்ச கதைதானே?"

தெரிந்த கதைதான். காவி கட்டுவதற்கு முன் அம்மா அரண்மனைக்கு நகை செய்தவர். மரகதம் பதித்து முடித்த பதக்கத்தில் இன்னும் ஒரு பொன்மணி பற்றவைக்கச் சொன்னார்கள். மரகதம் சூடு தாங்காது, கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பில் காட்ட வேண்டும். மறுநாள் இளவரசிக்கு முகூர்த்தம். ஒரு மணிதானே என்று கழற்றாமல் காட்டினார். கல் வெடித்தது. அன்றைக்கு அரண்மனையை விட்டு வந்தவர்தான்.

"ஆமா, உடைச்சேன்" என்றார் அம்மா. "ராணியம்மா திட்டப் போறாங்கன்னு நின்னேன். அவங்க, அதுக்கு ஜோடியா இருந்த இன்னொரு கல்லை எடுத்து என் கையில வெச்சாங்க. இதையும் நீயே பதிச்சுக் குடுன்னாங்க."

இந்தப் பகுதியை ஊரில் யாரும் சொன்னதில்லை.

"செஞ்சீங்களா?"

"மனசு சரியில்லைன்னு திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன். அதுவரைக்கும் ஒரு கல்லையும் உடைக்காத ஒருத்தர்கிட்ட அது போச்சு."

அம்மா எழுந்து கை கழுவினார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து அறவாழியின் உள்ளங்கையில் வைத்தார்.

பச்சைக் கல். நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருந்தது.

அறவாழி இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"நீங்க உடைச்சதாம்மா?"

"நான் உடைச்சது அரண்மனையிலேயே இருக்கு. இதை ராணியம்மா பின்னாடி குடுத்தனுப்பினாங்க. நான் செய்ய மாட்டேன்னு சொல்லி, அந்த ஒருத்தர் கைக்குப் போன கல்."